மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கையும் தோளும் படுத்தினால்: அறிகுறியைப் பார்த்து வழி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, புண்ணும் ஆறியிருக்கும். ஆனால் கை தூக்க வராது, இழுக்கும், மரக்கும், வீங்கும். வீட்டில் சொன்னால் "அறுத்து எடுத்திருக்கில்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெண்களில் பலர் இந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கில் பொறுத்திருந்து, தோள் நன்றாக இறுகிய பிறகுதான் வருகிறார்கள். உண்மையில் "அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக்கூடியது இதில் ரொம்பக் கொஞ்சம். இழுப்பதற்கு ஒரு காரணம், மரப்பதற்கு வேறு காரணம், வீங்குவதற்கு இன்னொன்று. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதைக் கெடுத்தும் விடும். அதனால் என்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மார்பில் என்ன செய்தார்கள் என்பதைவிட அக்குளில் என்ன செய்தார்கள் என்பதுதான் கைக்கு முக்கியம். 'ஆக்ஸிலரி டிசெக்‌ஷன்', 'ஆக்ஸிலரி கிளியரன்ஸ்', 'எம்.ஆர்.எம்.' இவற்றில் எது இருந்தாலும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது கையிலிருந்து வடியும் நீரை வடிகட்டும் சின்ன முடிச்சுகளை, பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். 'சென்டினல் நோட் பயாப்ஸி' மட்டும் இருந்தால் ஒன்றிரண்டைத்தான் எடுத்திருப்பார்கள். மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. சென்டினல் மட்டும் என்றால் 100 பேரில் 5, 6 பேர். கதிர்வீச்சும் உடல் எடையும் சேர்ந்தால் இது கூடும்.

இன்றைக்கே போக வேண்டியவை

கை சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. டாக்டர்கள் செல்லுலைட்டிஸ் என்பார்கள். காலையில் உள்ளங்கை அளவு இருந்த சிவப்பு சாயங்காலத்துக்குள் முழங்கையைத் தாண்டிவிடலாம். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று டாக்டருக்கு அது காட்டிக்கொடுக்கும். ஆன்டிபயாடிக் அன்றைக்கே ஆரம்பித்தாக வேண்டும். கீமோ நடந்துகொண்டிருந்தால் கை சிவந்ததா இல்லையா என்றெல்லாம் பார்க்க வேண்டாம், 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே நேரே ஆஸ்பத்திரிக்கு.

ஓரிரு நாளில் கை மொத்தமாக வீங்கி, கனத்து, நீலம் பாரித்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். கீமோ மருந்து ஏற்றும் குழாயான போர்ட்டோ பிக் லைனோ அந்தப் பக்கம் வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் பலம். டாப்ளர் ஸ்கேன் எடுக்கும்வரை தேய்க்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது, ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) மாட்டக் கூடாது. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.

"அக்குளுக்குக் கீழ தண்ணி குலுங்குது"

வெட்டிய இடத்து நீர் வடிய வைத்த டிரெய்ன் டியூபை எடுத்த சில நாளில் வருவது இது. வெட்டிய இடத்தில் உடம்பு ஊறவைக்கும் நீர் தேங்கி நிற்கிறது, சீரோமா என்று பெயர். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக டியூபை எடுப்பார்கள், எடுத்த பிறகும் சிலருக்கு ஊறும். கொஞ்சமாக இருந்தால் உடம்பே இழுத்துக்கொள்ளும். தோல் விறைக்கும் அளவுக்குத் தேங்கினால் சர்ஜன் ஊசியால் இழுத்து எடுப்பார். அந்த இடம் பெரும்பாலும் மரத்திருப்பதால் பயப்படும் அளவுக்கு வலிக்காது. நீங்களாக அமுக்கிப் பிதுக்காதீர்கள். நீர் இருக்கிறதே என்று கையை மடித்துக் கட்டி வைக்கவும் வேண்டாம், தோள்மட்டம் வரை அசைத்துக்கொண்டே இருக்கலாம். சுட்டாலோ, சீழ் வந்தாலோ மேலே சொன்னதுபோல இன்றைக்கே போக வேண்டியது.

"கயிறு மாதிரி இழுக்குது"

பார்க்கிறவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், ஆனால் வந்தவற்றில் நன்றாகக் குணமாவதும் இதுதான். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர். கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னதும், அக்குளிலிருந்து முழங்கை மடிப்புவரை தோலுக்கடியில் இரண்டு கம்பிகள் விறைத்து எழுந்தன. விரலால் தொட்டு மீட்டலாம், அவ்வளவு தெளிவு. "நரம்பு சுருட்டிக்கிச்சு, எண்ணெய் போட்டு உருவி விடணும்னு ஊர்ல சொல்றாங்க தாயி" என்றார்.

அது நரம்பு இல்லை. அக்குளில் கணுக்களை எடுத்தபோது அறுபட்ட நிணநீர்க் குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள சவ்வும் கெட்டித்துச் சுருங்குவதால் வருவது. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மாதத்துக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். சிலருக்குக் கட்டைவிரல் வரை ஓடும், சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாமல் இழுப்பு மட்டும் இருக்கும். கையைத் தொங்கவிட்டால் ஒன்றுமில்லை, நீட்டினால் இழுக்கிறது என்பதே இதன் அடையாளம்.

செய்ய வேண்டியது: பாயில் மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் தரையோடு நகர்த்துங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, உள்ளங்கையைக் கூரையைப் பார்க்கத் திருப்பி, மணிக்கட்டை மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள். மூச்சை அடக்காமல் பத்துப் பதினைந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். ஐந்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. நாலைந்து நாளில் கை இன்னும் கொஞ்சம் மேலே நகரும். நீட்டும்போது சில சமயம் 'டக்' என்று ஏதோ அறுந்தது தெரிந்து, அப்போதே இழுப்பு விட்டுவிடும். அதில் கெடுதல் இல்லை. அதற்காக அந்தச் சத்தத்தை வரவழைக்க வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே அடங்கும். பயிற்சி செய்வது, அதற்குள் தோள் இறுகிவிடக் கூடாது என்பதற்காக.

உருவி விடுவது, சுளுக்கு எடுப்பது, பத்துப் போட்டுக் கட்டுவது மூன்றும் வேண்டாம். அந்த அக்காவுக்குச் சொன்னதும் இதைத்தான், கூடவே பூப்பறிக்க எட்டுவதையும் ஒரு பயிற்சியாகச் சேர்த்தோம்: முதலில் இடுப்பு உயரச் செடி, அப்புறம் நெஞ்சு உயரம்.

"கை மேல போகமாட்டேங்குது"

இதில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். மேலே போகாததற்கு நாலு காரணம் இருக்கலாம், நாலும் ஒன்றாகத் தெரியும். வீட்டிலேயே பாதி பிரித்துவிடலாம்.

முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல கை போகிற அளவு இந்தக் கையும் போகிறதா? போகிறது, ஆனால் தலைக்கு மேலே தூக்கும்போது மட்டும் நெஞ்சில் இழுக்கிறது என்றால் தழும்பும் மார்புத் தசையும் இறுகியிருக்கின்றன. போகவில்லை, இன்னொருவர் பிடித்துத் திருப்பினாலும் பாதியில் முட்டி நிற்கிறது, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் மூட்டுறை ஒட்டிக்கொள்ளும் ஃப்ரோஸன் ஷோல்டர். நீங்களாகத் தூக்க முடியவில்லை, மகள் பிடித்துத் தூக்கினால் மட்டும் முழுக்கப் போகிறது என்றால் தசை அல்லது அதற்குப் போகும் நரம்பு. மேலே சொன்ன கயிறு நாலாவது.

இறுக்கத்துக்கு மருந்து அசைவுதான். ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்தே விரல் மடக்குவது, முழங்கை மடக்குவது, அந்தக் கையாலேயே தலை வாருவது எல்லாம் செய்யலாம், முழங்கை மட்டும் தோள்மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. டியூபை எடுத்து சர்ஜன் சரி என்றதும் முழு உயரம். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை எடுத்து மார்பைத் திரும்ப அமைத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சி எல்லோருக்கும் தெரியும். எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கூடுகிறதா, நின்றுவிட்டதா என்பது அந்தக் கோட்டில் தெரியும், ஞாபகத்தில் தெரியாது. அடுத்தது கம்பு: மல்லாந்து படுத்து ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை மற்றதை இழுத்துக்கொண்டு தலைக்கு மேலே போக வேண்டும். மூன்றாவது, படுத்தபடியே இரண்டு கையையும் பிடரிக்குக் கீழே கோத்து முழங்கைகளைத் தரையை நோக்கி இறக்குவது. வலிக்கு மாத்திரை எழுதியிருந்தால் அரைமணி முன்பே போட்டுக்கொண்டு செய்யுங்கள். செய்யும்போது லேசான வலி இருக்கலாம். முடித்து அரைமணிக்கு மேலும் வலித்துக்கொண்டிருந்தால் அளவு கூடிவிட்டது.

மூன்றாவது பயிற்சியை நான் விடாமல் வற்புறுத்துவதற்குக் காரணம் கதிர்வீச்சு. மெஷினில் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் இருக்கச் சொல்வார்கள். முதலில் அளவெடுக்க சி.டி. ஸ்கேன், அப்புறம் வாரக்கணக்கில் அன்றாடம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி அங்கே வந்து, கை தூக்க முடியாததால் "பிசியோ பண்ணிட்டு வாங்க" என்று திரும்பிப் போனால் நாள் தள்ளிப்போகிறது. கதிர்வீச்சுக்குத் தேதி சொன்ன அன்றே கை எவ்வளவு போகிறது என்று பார்த்துவிடுங்கள். கதிர்வீச்சு நடக்கும்போதும் முடிந்து பல மாதம் வரையிலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள், கதிர் பட்ட தசை மெதுவாக இறுகிக்கொண்டே போகும்.

ஃப்ரோஸன் ஷோல்டராக இருந்தால் இழுத்து இழுத்துச் செய்வது வலியைத்தான் கூட்டும். எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது, சர்க்கரை அடங்காமல் தோள் சரியாவதும் தாமதம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால், அது சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பதை நினைவில் வைத்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

"முதுகுப் பக்கம் எலும்பு துருத்துது"

சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையாலும் தள்ளுங்கள், பின்னால் ஒருவர் பார்க்கட்டும். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் விலகி எழும்பினால், அதை விலாவோடு பிடித்து வைக்கும் தசையின் நரம்பு அடிபட்டிருக்கிறது. அக்குள் வழியாக ஓடும் நீண்ட நரம்பு அது. அறுபடாமல் நசுங்கியது மட்டும் என்றால் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகி, திரும்பிவிடும். அதுவரை தலைக்கு மேலே கனம் தூக்க வேண்டாம், பரண் வேலை வேறு யாராவது பார்க்கட்டும். மல்லாந்து படுத்து, கையைக் கூரையை நோக்கி நீட்டி, தோளை மட்டும் மேலே தள்ளி இறக்குவது நல்ல பயிற்சி.

"மரத்தும் இருக்கு, எரியவும் செய்யுது"

மேல்கையின் உட்பக்கம், அக்குள், விலா ஓரம். ரவிக்கை உரசினாலே எரியும், கிள்ளினால் தெரியாது. அக்குளைக் கடந்து தோலுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு அறுபட்டதாலோ இழுபட்டதாலோ வருவது. எரிச்சல் பெரும்பாலும் குறையும், மரப்பு கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கலாம். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதிக் கவலை போகும்.

கவனம் வேண்டியது சூட்டில். வலிக்கிறதே என்று வீட்டில் முதலில் எடுப்பது வெந்நீர்ப் பை, இல்லையென்றால் தவிட்டு ஒத்தடம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அக்குளில் ரேஸர் பிளேடும் வேண்டாம், டிரிம்மர் போதும். மெல்லிய பருத்தித் துணியால் அந்த இடத்தைத் தினமும் சில நிமிடம் தடவிக்கொடுத்தால் உரசல் தாங்கும் பக்குவம் வரும்.

மூன்று மாதம் தாண்டியும் தூக்கம் கெடுக்கும் வலி இருந்தால் சாதாரண வலி மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. கேபபென்டின், பிரீகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் என்று நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. டமாக்ஸிபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே வாங்க வேண்டும், இந்த வகையில் சில அதன் வேலையைக் குறைக்கும். இரண்டு கை விரலும் பாதமும் சேர்ந்து மரத்தால் அது ஆபரேஷனால் வந்ததில்லை, பெரும்பாலும் கீமோவால். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மட்டும் மரத்து எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு அமுங்குகிறது.

"வளையல் இறுகுது"

நிணநீர் வீக்கம். ஆபரேஷன் முடிந்து சில மாதத்திலும் வரும், பத்து வருடம் கழித்தும் வரும். கண்ணுக்கு வீக்கம் தெரியுமுன்பே கை கனக்கும், ரவிக்கைக் கை பிடிக்கும், மோதிரத்தின் தடம் அழுந்தியிருக்கும். இந்தக் கட்டத்தில் பிடித்தால்தான் சுலபம். ராத்திரி தலையணையில் உயர்த்தி வைத்தால் காலையில் வடிகிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் இன்னும் ஆரம்பம்தான். நாளாக நாளாகத் தோல் தடித்து, அழுத்தினாலும் குழி விழாமல் போகும்.

தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டு எலும்பில் ஒரு அளவு, அங்கிருந்து மேலே 10 செ.மீ.க்கு ஒன்றாக அக்குள் கிட்ட வரை. இரண்டு கையையும் அளந்து நோட்டில் எழுதுங்கள், மாதம் ஒருமுறை, அதே நேரத்தில். வலது கைக்காரருக்கு வலது கை கொஞ்சம் தடித்தே இருக்கும் என்பதால் ஆபரேஷனுக்கு முன் அளந்து வைத்தது இருந்தால் உத்தமம். எந்த இடத்திலாவது 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காட்டுங்கள்.

"யானைக்கால் வியாதி கையில வந்திருச்சா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இல்லை. இது கொசுவால் வந்ததில்லை, யாருக்கும் தொற்றாது. அக்குள் வழியாக வடிய வேண்டிய நிணநீருக்குப் பாதை குறைந்துபோனதால் கையில் தேங்குகிறது.

நீர் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. அது தண்ணீரை வெளியேற்றும், தேங்கிய புரதம் அங்கேயே இருந்து திரும்பவும் நீரை இழுக்கும். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவினால் இன்னும் கெடும். நிணநீரை வழிநடத்தும் மசாஜ் என்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்வது, பார்க்கிறவர்களுக்கு "இது என்ன, சும்மா தடவுறாங்க" என்று தோன்றும் அளவுக்கு மென்மையானது. வைத்தியத்தின் முதுகெலும்பு கட்டுதான்: பல அடுக்குத் துணிக்கட்டுப் போட்டு வீக்கத்தை முதலில் இறக்கி, இறங்கிய பிறகு அளவெடுத்து கம்ப்ரெஷன் ஸ்லீவ். வீங்கிய கைக்கே ஸ்லீவ் வாங்கினால் காசுதான் வீண். மேல் ஓரம் சுருண்டு அழுத்தக் கூடாது, விரல் நீலமாகக் கூடாது. புறங்கையும் வீங்கியிருந்தால் உள்ளங்கையையும் சேர்த்து மூடும் உறை வேண்டும்.

மதுரை வெயிலில், அதிலும் அக்னி நட்சத்திரத்தில், ஸ்லீவ் மாட்டுவது தண்டனை என்று எனக்கும் தெரியும். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள், மாட்டியபடியே லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். இரண்டு வைத்து மாற்றி மாற்றித் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். இழுவை குறைந்துவிடும் என்பதால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

கையை உபயோகிக்காமல் வைத்தால் வீக்கம் வராது என்பது தவறான எண்ணம். தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும். வீக்கம் உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று அதிகமாவதும் குறைந்தது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பியுங்கள். பழக்கமில்லாமல் ஒரே நாளில் நிறைகுடம் தூக்குவதுதான் சிக்கல். குழாயில் தண்ணீர் வந்தால் பாதிக் குடமாகப் பிடியுங்கள், நடை இரண்டாகட்டும்.

தோலில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன செல்லுலைட்டிஸ் நுழைவது அந்த வழியாகத்தான். கருவேல விறகு எடுக்கும்போதும் களை பறிக்கும்போதும் கையுறை, அடுப்படியில் கைத்துணி. நகக்கண்ணை வெட்டாதீர்கள். முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவி, இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். ஊசி, பி.பி. பார்ப்பது முடிந்தவரை அடுத்த கையில். அவசரத்தில் வேறு வழியில்லை என்றால் இந்தக் கையில் போடட்டும், சண்டை போட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு.

"நல்லாத்தான் இருந்துச்சு, இப்பப் புதுசா வலிக்குது"

காலையில் எழுந்ததும் இரண்டு கை விரலும், முழங்காலும், தோளும் இறுகி, நடமாடினால் இளகுகிறதா? லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம். நீங்களாக நிறுத்தாதீர்கள். நடைப்பயிற்சி உதவும், தாங்கவில்லை என்றால் டாக்டர் மாத்திரையை மாற்றித் தருவார்.

ஒரே பக்கம் என்றால் கதை வேறு. பல மாதமோ வருடமோ சும்மா இருந்த கை திடீரென்று வீங்குவது, தோளிலிருந்து விரல்வரை இறங்கும் கடும் வலி, டம்ளர் நழுவும் அளவுக்குப் பிடி தளர்வது, அக்குளிலோ காறை எலும்புக்கு மேலேயோ புதுக் கட்டி தட்டுப்படுவது, படுத்தாலும் விடாத எலும்பு வலி. கதிர் பட்ட நரம்பு நாள் கழித்துப் பழுதானாலும் கை தளரும், நோய் திரும்பி நரம்பை அழுத்தினாலும் தளரும், இரண்டையும் ஸ்கேன் இல்லாமல் பிரிக்க முடியாது. இதற்கு மட்டும் பிசியோவுக்கு வர வேண்டாம். ஆபரேஷன் செய்த சர்ஜனையோ புற்றுநோய் டாக்டரையோ அந்த வாரமே பாருங்கள். போகும்போது பழைய சம்மரி, கதிர்வீச்சுச் சீட்டு, அளவெழுதிய நோட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போது ஆரம்பித்தது, எந்த விரலில் முதலில் தெரிந்தது என்று வீட்டிலேயே ஒரு வரி எழுதிக்கொண்டால், ஓ.பி. கூட்டத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் சீட்டை நீட்டிவிடலாம்.